சொத்தை எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் பார்க்காவிட்டால்? - நாகை வழக்கும், கோர்ட்டுக்கு முன்பே நடக்க வேண்டிய பேச்சும்

முகூர்த்த நாளில் திருக்கடையூர் போனால் நடக்க இடம் இருக்காது. அமிர்தகடேஸ்வரர் - அபிராமி கோயில் முழுக்க வயதான மாப்பிள்ளைகள், வயதான மணப்பெண்கள். 60 முடித்தவர்களுக்கு மணிவிழா, 70ல் பீமரத சாந்தி, 80ல் சதாபிஷேகம். சிங்கப்பூரில் இருந்து வந்த மகன், பெங்களூரில் இருந்து லீவு போட்டு வந்த மகள், கலசத் தண்ணீர் ஊற்றுவதை செல்போனில் படம்பிடிக்கும் பேரப் பிள்ளைகள் என்று குடும்பமே ஒன்றுகூடி நிற்கும்.

அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் மயிலாடுதுறை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டமும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராண்டாவும் அதே வயதுக்காரர்களின் இன்னொரு முகத்தைக் காட்டும் இடங்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் பத்திர நகல், ஆதார், மனு. "பையன் பேருக்கு எழுதி வெச்சேன், இப்போ ஒரு வேளை சோறு போட மாட்டேங்கிறாங்க" என்பதுதான் இந்த வகை மனுக்களின் சாரம். மயிலாடுதுறைக்கு மட்டுமான பிரச்சினை இல்லை இது. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்து ஆர்.டி.ஓ.வுக்கும் பழகிப்போன மனு.

மணிவிழா நடத்தும் பிள்ளைகள் நல்லவர்கள், மனுவில் பெயர் வரும் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று இதைப் பிரித்துவிட முடியாது. இரண்டும் ஒரே குடும்பமாகவும் இருக்கலாம். நடுவில் பத்து வருஷமும் ஒரு பத்திரமும் மட்டும் வந்து போயிருக்கும்.

நாகை மூதாட்டி வழக்கு: நடந்தது என்ன?

மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பர் 28ல். அதுவரை நாகப்பட்டினம் மாவட்டத்தோடு இருந்தது. அந்த நாகையில் இருந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த, எழுதி வாங்கிய எல்லாக் குடும்பங்களும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

87 வயது மூதாட்டி. ஒரு மகன், மூன்று மகள்கள். கடைசிக் காலத்தில் மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் சொத்தை மகன் பெயருக்கே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். மகள்களுக்கு அதில் பங்கு இல்லை. பின்னர் மகன் இறந்துவிட்டார். மருமகள் தன்னைக் கவனிக்கவில்லை என்று மூதாட்டி நாகை ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தார். விசாரித்த ஆர்.டி.ஓ. பத்திரத்தை ரத்து செய்தார். மருமகள் உயர் நீதிமன்றம் போனார். தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்ய, மேல்முறையீடு நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வுக்கு வந்தது. அங்கேயும் தள்ளுபடி.

மருமகள் தரப்பின் முக்கிய வாதம், 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்தில் எங்குமே இல்லை என்பது. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அன்பாலும் பாசத்தாலும் எழுதிக் கொடுப்பதாகப் பத்திரமே சொல்லும்போது, பதிலுக்குப் பராமரிப்பு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது, அதைத் தனி வரியாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் மையக் கருத்து.

2007 சட்டம் என்ன சொல்கிறது?

'பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007' என்பது முழுப் பெயர். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009ல் வந்தன. இதன்படி ஆர்.டி.ஓ.தான் தீர்ப்பாயம். மயிலாடுதுறை மாவட்டத்தில் மயிலாடுதுறை, சீர்காழி என இரண்டு கோட்டங்கள் இருப்பதால் இரண்டு ஆர்.டி.ஓ.க்கள். மகன், மகள், பேரன், பேத்தி என்று வயது வந்த யார் மீதும் மனு போடலாம். தாத்தா பாட்டியும் போடலாம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். வழக்கறிஞர் இல்லாமல் நேரடியாக நடக்க வேண்டிய விசாரணை என்பதுதான் சட்டத்தின் நோக்கம். பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்ற தண்டனைப் பிரிவும் இருக்கிறது.

நாகை வழக்கில் பயன்பட்டது 23வது பிரிவு. சாதாரணமாக, எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட்டை மனசு மாறிவிட்டது என்பதற்காகத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருஷமோ. 23வது பிரிவு அதற்கு ஒரு மாற்றுவழி. அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாகவோ வற்புறுத்தியோ வாங்கப்பட்டதாகக் கருதி தீர்ப்பாயமே செல்லாது என்று அறிவிக்கலாம்.

சிக்கலே 'நிபந்தனையோடு' என்ற சொல்லில்தான். 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்றது. 2025 ஜனவரி 2ல் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியவர்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அந்த வழக்கில் 'கடைசி வரை பார்த்துக்கொள்கிறேன்' என்று மகன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தாளும் இருந்தது. நாகை வழக்கில் அப்படி எந்தத் தாளும் பேசப்படவில்லை. பாசம் என்ற சொல்லே போதும் என்று ஆனது. இந்த இடத்தில் சட்டம் இன்னும் முழுசாக நிலைபெறவில்லை. எல்லா வழக்கிலும் பாசத்தை நிபந்தனையாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி இருப்பது ஆபத்து.

'பையன் பார்த்துப்பான்' என்பதன் அர்த்தம்

சட்டத்தைத் தாண்டி இந்த வழக்கில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எழுதி வாங்கியவர் மகன். வாக்குக் கொடுத்திருந்தால் அவர்தான் கொடுத்திருப்பார். அவர் இறந்த பிறகு அந்த வாக்கு யார் தலையில் விழுந்தது? கணவனை இழந்த மருமகள் தலையில். 2007 சட்டத்தில் 'பிள்ளைகள்' என்ற விளக்கத்தில் மருமகள் கிடையாது. சேர்க்கலாம் என்று 2019ல் கொண்டுவந்த திருத்த மசோதாவும் நிறைவேறவில்லை. ஆனால் நடைமுறையில், டெல்டா கிராமங்களில் 'பையன் பார்த்துப்பான்' என்று சொன்னால் அதன் அர்த்தம் 'மருமகள் பார்த்துப்பா' என்பதுதான். மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், படுக்கை மாற்றுவதும், இரவில் எழுந்து பாத்ரூம் கூட்டிப் போவதும் அவர் வேலை. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்திரத்திலும் அவர் பெயர் இருக்காது.

மகள்கள்? தமிழ்நாடு 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை கொடுத்துவிட்டது. நாடு முழுக்க வந்தது 2005ல். பராமரிக்கும் கடமையிலும் 2007 சட்டம் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு என்று மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் போகவில்லை. "பொண்ணு வீட்டுல போய் சாப்பிடறதா?" என்று கேட்கும் அப்பாக்களும் குறையவில்லை. பாசம் மகளிடம், சொத்து மகனிடம், வேலை மருமகளிடம் என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, பிறகு யாருமே பார்க்கவில்லை என்று வருத்தப்படும் ஏற்பாடு இது.

வயல் பிரியும் கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரியும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூத்தவனுக்கு மூணு மா, இளையவனுக்கு மூணு மா, வாய்க்கால் ஓரம் யாருக்கு என்பது வரை பேசி முடிப்பார்கள். அம்மா யார் வீட்டில், எத்தனை மாதம், ஆஸ்பத்திரி செலவு யாருடையது என்பதைப் பேசுவது மட்டும் அபசகுனம். இன்னொரு காரணமும் உண்டு. வெளியாளுக்கு விற்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அதனால் 'உயிரோட இருக்கும்போதே மாத்தி வெச்சிடலாம்' என்று பத்திர எழுத்தர் மேஜையில் முடிவு வேகமாக எடுக்கப்படுகிறது. வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு நடப்பதே இல்லை.

விழுமியம் எப்படிக் கைமாறுகிறது?

'நாங்க எங்க அப்பா அம்மாவ எப்படிப் பார்த்துக்கிட்டோம் தெரியுமா' என்பது மூத்தவர்களின் நிரந்தர வசனம். அதில் பாதி உண்மை. பழைய கூட்டுக் குடும்பத்தில் முதியவர் தனியாக இல்லைதான். ஆனால் அவர் கையில் நிலம் இருந்தது, வீட்டுச் சாவி இருந்தது, வேலை செய்ய மருமகள்கள் இருந்தார்கள். மரியாதையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று அளந்து பார்த்தவர் யாரும் இல்லை.

துருக்கியைச் சேர்ந்த உளவியலாளர் சிடெம் காட்சிபாஷி இதை ஆராய்ந்தவர். 1970களில் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில், 'குழந்தைகள் எதற்காக வேண்டும்' என்று பெற்றோரிடம் கேட்டார்கள். வயலில் வேலைக்கு, வயதான காலத்தில் சோற்றுக்கு என்ற பதில்கள் கிராமங்களில் அதிகம். துருக்கியில் 2003ல் மறுபடி கேட்டபோது அந்தக் காரணங்கள் வெகுவாகக் குறைந்து, சந்தோஷம், நெருக்கம் போன்ற காரணங்கள் கூடியிருந்தன. குடும்பம் நவீனமானால் உறவு அறுந்துவிடும் என்பதில்லை, பொருளாதாரத் தேவை குறையும், மனசுத் தேவை நிற்கும் என்பது அவர் முடிவு. குறுவைக்கு ஆள் இல்லாமல் மெஷின் வைத்து அறுத்துவிட்டு, இரவு வாட்ஸ்அப் வீடியோ காலுக்காகக் காத்திருக்கும் டெல்டா அப்பாக்களுக்கு இது புரியும்.

சரி, 'பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற எண்ணம் பிள்ளைக்குள் எப்படிப் போகிறது? ஜோன் க்ரூசெக், ஜாக்குலின் குட்நவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1994ல் இதை இரண்டு படிகளாகப் பிரித்தார்கள். பெற்றோர் என்ன சொல்ல வருகிறார்கள் என்று பிள்ளை சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்த பிறகு, அதைத் தனதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் படி திட்டினாலும் நடக்கும். இரண்டாவது, உறவு நன்றாக இருந்தால்தான் நடக்கும். அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சன் 35 ஆண்டுகள், 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2013ல் வெளியிட்ட புத்தகமும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது. அவர் பார்த்தது மத நம்பிக்கை தலைமுறை தாண்டுவதை. எவ்வளவு கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைவிட, பெற்றோர், குறிப்பாக அப்பா, பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார் என்பதுதான் அதிகம் தீர்மானித்தது.

தாத்தாவுக்குக் கொட்டாங்கச்சியில் சோறு போட்ட அப்பாவிடம், 'இதை எடுத்து வைப்பா, உனக்கு வேணும்ல' என்று பையன் சொன்ன கதை தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்டதுதான். ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. பிள்ளை கேட்டதைவிடப் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்கிறது. பாட்டிக்காக அம்மா தன் வேலையை விட்டதையும், அதற்கு யாருமே நன்றி சொல்லாததையும் பார்த்து வளர்ந்த மகள், 'இது என்னால் ஆகாது' என்று முடிவெடுத்தால் அதுவும் வீட்டில் கற்ற பாடம்தான்.

மாயூரத்துக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை இதே ஊரில் முனிசீப்பாக இருந்தவர். பகலில் ஊர் வழக்கு, மற்ற நேரத்தில் 'நீதிநூல்', 'பெண்மதி மாலை' என்று எழுத்து. குடும்பத்தில் நல்லொழுக்கம் பற்றிப் புத்தகம் எழுதியவருக்கே கோர்ட்டில் வேலை குறையவில்லை.

கவுன்சலிங் பஞ்சாயத்து கிடையாது

'கவுன்சலிங் போகலாம்' என்றால் பல வீடுகளில் வரும் முதல் பதில், 'நமக்கென்ன பைத்தியமா?' இரண்டாவது, 'நம்ம வீட்டு விஷயத்தை வெளியாள்கிட்ட சொல்றதா?' ஆனால் அதே குடும்பம் பெரிய மாமா, ஊர் நாட்டாமை, தெரிந்த வக்கீல் என்று நாலு பேரிடம் சொல்லித்தான் இருக்கும்.

பஞ்சாயத்தில் யார் சரி, யார் தப்பு என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். மத்தியஸ்தத்தில் நடுவில் இருப்பவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரண்டு தரப்பும் ஒரு ஒப்பந்தத்துக்கு வர உதவுவார். குடும்ப கவுன்சலிங் இன்னும் கொஞ்சம் முன்னாடி போகும். இந்த வீட்டில் ஏன் ஒருவர் பேசினால் இன்னொருவர் எழுந்து போகிறார், எந்த விஷயம் வந்தால் எல்லோரும் டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள் என்று பார்க்கும்.

கவுன்சலர்கள் பலர் ஒரு வெள்ளைத் தாளில் இருந்துதான் தொடங்குவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறையை வரைவார்கள். நெருக்கமான உறவுக்கு ஒரு வகைக் கோடு, சண்டைக்கு வளைந்து நெளியும் கோடு. அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவென் வழி வந்த முறை இது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருபது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை, காரணம் வரப்புத் தகராறு என்று தாளில் தெரியும்போது, 'பையன் என்கிட்ட பேச மாட்டேங்கிறான்' என்ற புகாரை அப்பாவே வேறு மாதிரி பார்க்க ஆரம்பிக்கலாம். அடுத்தது தனித்தனிப் பேச்சு. மருமகளிடம் 'ஏன் பார்த்துக்கல?' என்று கேட்பதற்குப் பதில், 'ஒரு நாள் முழுக்க என்ன வேலை, எத்தனை மணிக்குத் தூக்கம்?' என்று கேட்டால் வரும் பதிலே வேறாக இருக்கும். பெரியவரிடம், 'பணம் வேணுமா, பேச்சுத்துணை வேணுமா?' என்று கேட்டால் பல நேரம் இரண்டாவதுதான். மாதம் 10,000 ரூபாய் உத்தரவால் அதை வாங்கித் தர முடியாது.

குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுவது இங்கே இறக்குமதிச் சரக்கும் இல்லை. 1950களிலேயே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியோடு குடும்பத்தினரையும் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் அந்தப் பாதையில் போனது.

ஒரு எச்சரிக்கை அவசியம். அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் 'சேர்ந்து உட்கார்ந்து பேசுங்க' என்பது பாதிக்கப்பட்டவரை மறுபடி மாட்டிவிடுவது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006 விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. கவுன்சலிங்கில், செய்த வன்முறைக்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிக்க இடமில்லை. இனி நடக்காது என்ற உறுதியைப் பெறுவதுதான் அதன் வேலை. இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, மகனிடம் அடிவாங்கும் அம்மாவுக்கும் பொருந்தும்.

சட்டத்துக்குள்ளேயே சமரசம்: ஒரு மாதம் போதுமா?

2007 சட்டமே சமரசத்துக்கு இடம் வைத்திருக்கிறது. 6வது பிரிவின்படி, விசாரணைக்கு முன் ஆர்.டி.ஓ. வழக்கை ஒரு சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். சமரசம் ஆனால் அதுவே உத்தரவாகிவிடும். தொண்டு நிறுவனப் பிரதிநிதியோ, பராமரிப்பு அலுவலரோ, தீர்ப்பாயம் நியமிக்கும் வேறு ஒருவரோ சமரச அலுவலர் ஆகலாம். அனுப்ப'லாம்' என்பதுதான் சட்டத்தின் சொல், கட்டாயம் இல்லை. முப்பது வருஷ மனக்கசப்புக்கு முப்பது நாள். அதுவும் பத்திரம் ரத்து என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது. 'கையெழுத்துப் போட்டுட்டா விட்டுடுவாங்க' என்ற மனநிலையில் ஆகும் சமரசம் எத்தனை நாள் நிற்கும்?

டெல்டாக்காரர்களுக்குப் பழக்கமான சிங்கப்பூரில் வேறு மாதிரி. 1995ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைப் பின்னர் திருத்தி, தீர்ப்பாயத்துக்கு முன் சமரச முயற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2023 திருத்தம் இன்னொரு சங்கடமான கேள்வியையும் தொட்டது. பிள்ளைகளைச் சிறுவயதில் அடித்து, கைவிட்டுப் போன அப்பா, வயதான பிறகு பராமரிப்புக் கேட்டால்? அப்படிப்பட்டவர் மனு போடவே தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும் என்றது. இந்தியச் சட்டத்தில் இப்படி வெளிப்படையான பிரிவு இல்லை. 'மாதா பிதா' என்று தொடங்கினால் கேள்வி கேட்கக் கூடாது என்பது இங்கே சட்டம் எழுதியவர்களுக்கும் பழக்கம் போல.

தமிழ்நாட்டுக்கு இது அவசரமான கேள்வி. 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் சுமார் 10 சதவீதம். 2021ல் 13.6 சதவீதம், 2031ல் 18.2 சதவீதம் என்பது மத்திய அரசின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம்.

எழுதும் முன் என்ன செய்யலாம்?

சொத்து விவரம் எழுதும் தாளிலேயே யார் வீட்டில் தங்குவது, மருந்துச் செலவு யாருடையது, மருமகளுக்கோ மகளுக்கோ வேலையில் யார் கைகொடுப்பது என்று எழுதிப் பேசிவிடுவது நல்லது. பேச முடியாமல் சண்டையில் முடிந்தால், கவுன்சலரைத் தேடச் சரியான நேரம் அதுதான். பேசிய பிறகும் செட்டில்மென்ட்தான் என்றால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லலாம். ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாம். உயில் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கவுன்சலர் என்று யாரும் போர்டு வைக்க முடிகிற நிலை இருப்பதால் படிப்பைக் கேட்பதில் தப்பில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணில் டெலிமானஸ் இலவசமாகக் கிடைக்கிறது. முதியவர்களுக்கு 14567, பெண்களுக்கு 181. ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்க வக்கீல் தேவையில்லை. நடக்க முடியாத பெரியவருக்காக அவர் அனுமதித்த வேறு ஒருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ மனு கொடுக்கலாம். யாருமே கொடுக்காவிட்டாலும், தகவல் தெரிந்தால் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியும்.